அவசரக்காரனுக்கு ஓர் அலைக்குறி

முகத்தைப் பாத்தாலே தெரியுது தம்பி. 1.0ஐ வெளியில விட்டிட்டாய். ஒருத்தருக்கும் போய்ச் சேரேல்லை.

வெள்ளோட்டம் எண்டு சொல்லி முதல்ல 1.0ஆர்சி1 எண்டு ஒரு பக்கேஜைக் கட்டினாய். மூதூரிலயும் கிண்ணியாவிலயும் இருக்கிற உன்ர கூட்டாளிமார் உன்னை நம்பி அதைத் தங்கட உபுண்டுவில ஏத்திச்சினம். இப்ப அசல் 1.0 சேர்வரில வந்து குந்தியிருக்கு. அவையள் அப்டேற் அடிச்சால், "உன்னட்டக் கிடக்கிறதுதான் ஆகப் புதுசு, போய்ப் படு" எண்ட மாதிரிப் பதில் வருது. நீ சேர்வரைத் திட்டினாய். பிறகு நெட்வேர்க்கைத் திட்டினாய். நேற்று கடலுக்கடியில போற கேபிளையும் திட்டினதாக் கேள்வி. அந்தக் கேபிள் உனக்கு என்ன அநியாயம் செய்தது மோனே?

எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது. கொட்டியாரக் குடாவில எந்தக் காத்துக்கு எங்க வலை போடுறது, சூடை இண்டைக்கு என்ன விலைக்குப் போகுது, அவ்வளவுதான் என்ர படிப்பு. ஆனா என்ர பேத்தி கோணேசபுரியில, கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர திருகோணமலை வளாகத்தில கொம்பியூட்டர் படிச்சவள். அவள் போனில கதைக்கிறது காதில விழுந்தால் நான் என்ன செய்ய? நித்திரை மாதிரிக் கிடந்து கேட்டுப்போட்டன். அவள் சொன்னதைத்தான் சொல்லுறன். பிழையெண்டால் அவளிட்டப் போய்ச் சண்டை பிடி, பாப்பம்.

நீ என்ன நினைச்சாய்? "ஆர்சி" எண்டு எழுதினால், இது வெளியீட்டுக்கு முந்தினது, இன்னும் சரி பாக்கக் கிடக்கு எண்டு மெசினுக்கு விளங்கும் எண்டு நினைச்சாய். மெசினுக்கு ஆர்சியும் தெரியாது, உன்ர ஆசையும் தெரியாது. டெபியன், உபுண்டு ரெண்டிலயும் எது பழசு எது புதுசு எண்டு தீர்ப்புச் சொல்லுறவன் டிபிகேஜி. அவன் இடப்பக்கத்தில இருந்து துண்டு துண்டாப் பாத்துக்கொண்டு வருவான். எழுத்தை எழுத்தோட, எண்ணை எண்ணோட. 1.0 வரைக்கும் ரெண்டும் ஒண்டு. அதுக்குப் பிறகு ஒண்டில "ஆர்சி1" கிடக்கு, மற்றதில ஒண்டுமில்லை. உள்ளது இல்லாததை விடப் பெரிசு, அவன்ர கணக்கு அவ்வளவுதான். மூதூர் லோஞ்சுக்கு நிக்கிற வரிசையில, கையில பையோட நிக்கிறவனைக் கண்டவுடன "ஐயா, முன்னுக்கு வாங்கோ" எண்டு கூப்பிடுற லோஞ்சுக்காரன் மாதிரி. பைக்குள்ள தங்கமோ கருவாட்டுத் தலையோ எண்டு திறந்து பாக்கமாட்டான். உன்ர ஆர்சி பையோட முன்னுக்கு ஏறியிட்டுது. வெறுங்கையோட வந்த அசல் 1.0 இன்னும் இறங்குதுறையில நிக்குது.

இதுக்கு மருந்து ஒரேயொரு குறி. கீபோர்ட்டில இடப்பக்க மேல் மூலையில நெளிஞ்சு கிடக்கும், அலைக்குறி. 1.0~ஆர்சி1 எண்டு எழுது. டிபிகேஜியின்ர சட்டத்தில அந்தக் குறி ஒண்டுமில்லாததையும் விடச் சின்னன். வரியின்ர முடிவே அதை விடப் பெரிசு எண்டால் யோசிச்சுப் பார். அதால 1.0~அல்பா1, 1.0~பீற்றா1, 1.0~ஆர்சி1, கடைசியா 1.0 எண்டு எல்லாரும் தங்கட தங்கட இடத்தில மரியாதையா நிப்பினம். டெபியன்காரர் வெள்ளோட்டத்துக்கு மட்டுமில்லை, வேற வேலைக்கும் இதை வைச்சிருக்கினம். புதுப் பக்கேஜ் ஒண்டை டெபியன் 12க்குத் திருப்பிக் கட்டிக் குடுக்கேக்க 1.0-1~பிபிஓ12+1 எண்டு போடுவினம். ஆள் அடுத்த டெபியனுக்கு மாறின அண்டைக்கு, அங்க இருக்கிற அசல் 1.0-1 ஒரு சொல்லுச் சொல்லாமல் மேல வந்திடும்.

ரெட்ஹாட் பக்கத்து ஆர்பிஎம்முக்கு இந்த அலை 2012இல, 4.10ஆம் பதிப்போடதான் வந்தது. அதுக்கு முதல் ஃபெடோரா ஆக்கள் என்ன செய்தவை தெரியுமோ? வேர்ஷனை 1.0 எண்டே போட்டிட்டு, ரிலீஸ் எண்ணை மட்டும் 0.1.ஆர்சி1 எண்டு பூச்சியத்தில தொடங்குவினம். அசல் வரேக்க ரிலீஸ் 1 ஆகும். கெட்டிக்காரர். 2019இல 4.15 வரேக்க கூரைக்குறியையும் சேத்தவை. அது மற்றப் பக்கத்து வேலை: 1.0 வந்த பிறகு, 1.0.1 வர முதல், இடையில எடுத்த கோட்டைக் கட்டுறதெண்டால் 1.0^ எண்டு தொடங்கிறது.

"ஏன் அப்பு, இடைக்கோடு போட்டால் அழகா இருக்குமே" எண்டு கேக்கப் பாக்கிறாய். கேப்பாய், நீ அழகு பாக்கிறவன். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் செம்வேர் எண்டு ஒரு சட்டம் இருக்கு, ரொம் பிரெஸ்டன் வேர்னர் எழுதினது. அதின்படி 1.0.0-ஆர்சி.1 எண்டால் 1.0.0ஐ விடச் சின்னன். அந்த ஊரில சரி. அதே எழுத்தை அப்பிடியே தூக்கிக்கொண்டு டெபியனுக்கு வந்தால், கடைசி இடைக்கோட்டுக்குப் பின்னால கிடக்கிறது பக்கேஜ் கட்டினவன்ர திருத்த எண் எண்டு டிபிகேஜி எடுத்துக்கொள்ளும். 1.0.0-ஆர்சி.1ஐயும் 1.0.0-1ஐயும் பக்கத்தில நிப்பாட்டினால் திரும்பவும் ஆர்சிதான் பெரிசு. ஒரே கோடு, ஒரு வீட்டில இறக்குது, பக்கத்து வீட்டில ஏத்துது. ஆர்பிஎம்மிட்டக் கொண்டு போனால் வேர்ஷன் வரிக்குள்ள இடைக்கோடே கூடாதெண்டு கட்டவே விடாது. என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்தில ஆர்பிஎம்தான் நல்ல மனுசன். வாசலிலயே ஏசி அனுப்பிவிடும். டிபிகேஜி சிரிச்சுக்கொண்டு உள்ள விட்டிட்டு, மூதூர்க்காரன் போன் எடுத்துக் கத்துற வரைக்கும் வாயே திறக்காது.

இனி உன்ர ஸ்கிரிப்டுக்கு வாறன். ஓடாதை, இரு. அலைக்குறி நல்லதெண்டு அறிஞ்சவுடன கிட்டில டாக்கையும் 1.0~ஆர்சி1 எண்டு போடப் பாப்பாய். கிட் விடாது. அலையும் கூரையும் முக்காற்புள்ளியும் அதுக்கு வேற வேலைக்கு வேணும். இத்தனை கொமிற்றுக்கு முந்தினது எண்டு பின்னால எண்ணிப் போறது அந்த அலையை வைச்சுத்தான். ஆக டாக்கில ஒரு மாதிரி எழுத்து, பக்கேஜில வேற மாதிரி எழுத்து. நடுவில மாத்திக் குடுக்க ஒரு கையாள் வேணும். டெபியனில வோட்ச் எண்ட கோப்புக்குள்ள யுவேர்ஷன்மாங்கில் எண்டு ஒரு வரி எழுதுவினம்: ஆர்சியைக் கண்டால் அதுக்கு முன்னால அலையைச் செருகு எண்டு. நீ அந்த ஆளை வைக்கேல்லை. உன்ர ஸ்கிரிப்ட் டாக்கை அப்பிடியே விழுங்கி, அப்பிடியே பக்கேஜில கக்கினது. பிழை பிறந்த இடம் அதுதான். வேர்ஷனுக்குள்ள கொமிற் ஹாஷைப் போடுறவனுக்கும் இதே கதிதான். ஹாஷுக்கு முன் பின் எண்டு ஒண்டு கிடையாது. இண்டைக்குப் பெரிசா வரும், நாளைக்குச் சின்னனா வரும். போடத்தான் வேணுமெண்டால் முதல்ல திகதி, 20240115 எண்டு வருசத்தில தொடங்கி, அதுக்குப் பிறகு ஹாஷ்.

பைத்தன்காரர் இந்தத் தலையிடிக்குப் பெப் 440 எண்டு தனியா ஒரு ஒழுங்கு எழுதி வைச்சிருக்கினம். டெவ் ஆகக் கீழ. பிறகு அல்பா, பீற்றா, ஆர்சி, அசல், அதுக்கும் மேல போஸ்ட். நல்ல ஒழுங்குதான். ஆனா நீ ஆசையா 1.0.0-பீற்றா.2 எண்டு எழுதினால், அது உன்னைக் கேக்காமலே சுருக்கி 1.0.0பி2 எண்டு ஆக்கிப்போடும். பிறகு உன்ர ஸ்கிரிப்ட் நீ எழுதின பேரில கோப்பைத் தேடும். இல்லை எண்டு கத்தும். கோப்பு பக்கத்திலயே வேற பேரோட நிண்டு பாத்துக்கொண்டிருக்கும். பிப் சும்மா கேட்டால் வெள்ளோட்டப் பதிப்பை இறக்காது. பிரீ எண்டு சொல்லிக் கேக்க வேணும், இல்லாட்டி அந்த எண்ணையே நேராக் கேக்க வேணும். "ஏத்தினன், காணேல்லை" எண்டு அழுற பொடியளில பாதிப் பேருக்கு இதுதான் சங்கதி எண்டு பேத்தி சொன்னவள். பைபிஐயில ஒருக்கா ஏத்தின கோப்பை அழிச்சாலும் அதே பேரில திரும்ப ஏத்த ஏலாது எண்டதையும் காதில போட்டு வை.

பழைய என்பிஎம்மில இதுக்கு எதிர்மாறான வியாதி. பீற்றாவை ஏத்தேக்க டாக் ஒண்டும் சொல்லாமல் விட்டால், அதுக்கு "லேட்டெஸ்ற்" எண்ட முடி சூட்டப்படலாம். பிறகு ஊர் உலகமெல்லாம் உன்ர வெள்ளோட்டத்தில ஏறி இருக்கும். "நெக்ஸ்ற்" எண்டோ "பீற்றா" எண்டோ டாக் குடுத்து ஏத்து.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை எண்டு நினையாதை. டப்ளியூஎஸ்ஓ2 எண்டு 2005இல எங்கட நாட்டில தொடங்கின கொம்பனி. அதின்ர நிரல்மொழி பலரினா. 2019 செப்டெம்பரில 1.0 வந்தது. அடுத்த பெரிய பதிப்புக்கு ஸ்வான் லேக் எண்டு பேர் வைச்சு, 2020இல வெள்ளோட்டத்தைத் தொடங்கினவை. முதல்ல பிரிவியூ, எட்டு. பிறகு அல்பா, அஞ்சு. பிறகு பீற்றா, ஆறு. கட்டளையில எழுதேக்க எஸ்எல்பி8, எஸ்எல்அல்பா5, எஸ்எல்பீற்றா6 எண்டு சுருக்கம். இப்ப விரலை மடிச்சுப் பார். அல்பாவின்ர முதல் எழுத்து ஆங்கில அரிச்சுவடியில முதலாவது. பீற்றாவின்ரது ரெண்டாவது. பிரிவியூவின்ரது பதினாறாவது. ஆக மூத்த பிள்ளை பிரிவியூ, எழுத்தாய் அடுக்கினால் ஆகக் கடைசியில போய் நிக்கும். கோப்புறையைப் பேர்ப்படி அடுக்கி, "கடைசியா நிக்கிறதை எடு" எண்டு ஸ்கிரிப்ட் எழுதினவன் பீற்றா6ஐ விட்டிட்டுப் பழைய பிரிவியூ8ஐத் தூக்கிக்கொண்டு வருவான். உன்னைச் சொல்லேல்லை. நீ அப்பிடி எழுதமாட்டாய், எனக்குத் தெரியாதே.

அல்பா, பீற்றா, ஆர்சி எண்ட மூண்டிலயும் பிறந்த வரிசையும் அரிச்சுவடி வரிசையும் ஒத்துப்போனது தற்செயல். அந்த மூண்டை விட்டு ஒரு அடி வெளிய வைச்சால் போச்சு. ஆகத் தொடக்கத்து "டெவ்" செம்வேரில பீற்றாவுக்கு மேல ஏறிக் குந்தும், அதின்ர முதல் எழுத்து நாலாவது. ஜாவாக்காரரின்ர மேவன் இந்தச் சோலிக்கே போகாமல் பேர்களைப் பாடமாக்கி வைச்சிருக்கு: அல்பா, பீற்றா, மைல்ஸ்டோன், ஆர்சி, ஸ்னாப்சொட், அதுக்குப் பிறகு அசல்.

ஸ்வான் லேக்கின்ர அசல் 2022 பெப்ரவரியில வந்தது. 2.0 எண்டு போடேல்லை. 2201.0.0 எண்டு போட்டவை. 22 வருசம், 01 மாசம். 1.2க்குப் பிறகு 2201 எண்டால் எந்த மெசினும் தடுமாறாது, அந்த மட்டில சரி. ஆனா இனி அந்த வீட்டில 2.0 எண்டு ஒரு பிள்ளை பிறக்க ஏலாது. பிறந்தால் 2201க்குக் கீழதான். கலண்டரைப் பாத்து எண் போடத் தொடங்கினவன் கலண்டரோடதான் குடித்தனம் நடத்த வேணும். உபுண்டு 24.04 எண்டு 2024 ஏப்ரலைச் சொல்லி நடத்துது, குறையில்லை. நீ உன்ர மீன் கணக்கு மென்பொருளுக்கு 2025 எண்டு போட முதல் ரெண்டு தரம் மூச்சு விடு.

ஒண்டு சொல்ல மறந்திடுவன். ஆர்சி9க்குப் பிறகு ஆர்சி10 வரேக்க கவனம். டிபிகேஜி எண்ணை எண்ணாய்ப் பாக்கும், அங்க பயமில்லை. செம்வேரில ஆர்சி10 எண்டு ஒட்டி எழுதினால் முழுசும் எழுத்துத்தான். 1 எண்டது 9ஐ விடச் சின்னன் எண்டு சொல்லி 10 பின்னால போயிடும். நடுவில புள்ளி வேணும், ஆர்சி.9, ஆர்சி.10 எண்டு. பத்தாவது ஆர்சி வரைக்கும் உன்ர வேலை இழுபட்டால் நீ புள்ளியைப் பற்றிக் கவலைப்படுறதை விட வேற விசயங்களைப் பற்றிக் கவலைப்பட வேணும், அது வேற கதை. லினக்ஸ் கேர்ணலையே லினஸ் டோர்வால்ட்ஸ் வாரத்துக்கு ஒரு ஆர்சி விட்டு, ஏழிலயோ எட்டிலயோ முடிச்சுப்போடுவார். எண் பெரிசாப் போனாலும் அந்த மனுசன் அலட்டிக்கொள்ளேல்லை. 4.20க்குப் பிறகு எண்ணக் கைவிரலும் கால்விரலும் தீந்து போச்சு, அதால 5.0 எண்டவர். உன்னை மாதிரி 1.0 எண்ட எண்ணுக்கு மாலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிக்கேல்லை.

உன்ர வியாதி அதுதான் தம்பி. உனக்கு 1.0 எண்டது எண் இல்லை, பட்டம். அதைச் சீக்கிரம் சட்டையில குத்திக்கொள்ள வேணும், ஆனா பிழை வந்தால் "அது ஆர்சிதானே" எண்டு தப்பவும் வேணும். அதுக்காகத்தான் 1.0ஐயும் ஆர்சியையும் ஒரே வரியில ஒட்டினாய்.

2004 டிசெம்பர் 26 உனக்கு ஞாபகமிருக்காது. கிண்ணியா, மூதூர், குச்சவெளி, இந்தக் கரை முழுக்கக் கடல் ஏறினது. அடுத்த கிழமையளிலயே கொழும்பில லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசனும் தொண்டுக்கு வந்த பொடியளும் சேந்து "சஹானா" எண்டு ஒரு மென்பொருளைக் கட்டினவை. காணாமல் போனவை ஆர், எந்த முகாமில எத்தினை பேர், எந்த நிறுவனம் எங்க உதவுது, எந்த இடத்துக்கு என்ன வேணும், எல்லாத்துக்கும் ஒரே பதிவேடு. அவசரத்தில கட்டினது எண்டு தெரிஞ்சுகொண்டு பிறகு திரும்ப அடியில இருந்து எழுதினவை. 2005இல பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் அது போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கெண்டு குடுக்கிற விருதை 2006க்கு அதுக்குத்தான் குடுத்தது. முகாமில நிண்டு தாயைத் தேடுறவன் 1.0ஆ 0.3ஆ எண்டு கேக்கமாட்டான்.

அதுக்காக எல்லாம் சரியா வரட்டும் எண்டு ஆர்சியிலயே காலம் கடத்தவும் கூடாது. திருகோணமலை எண்ட எங்கட ஊர்ப் பேரில இங்கிலாந்துக்காரனுக்கு ஒரு போர்க்கப்பல் இருக்கு. நெப்போலியன் சண்டைக் காலத்தில கேட்டது. 1817இலதான் பம்பாயில தேக்கில கட்டி இறக்கினவை. 1819இல இங்கிலாந்துக்குப் போய்ச் சேரேக்க சண்டை முடிஞ்சு நாலு வருசம். கொண்டுபோய்க் கட்டிப்போட்டிட்டு, 1840களிலதான் திரும்ப வேலைக்கு எடுத்தவை. இப்ப ஹார்ட்டில்பூலில ஆக்கள் காசு குடுத்துப் பாத்திட்டுப் போகினம். தேக்கு இன்னும் நல்லாத்தான் இருக்காம்.

சரி, இப்ப உன்ர காயத்துக்கு வாறன். முதல்ல கிண்ணியாக் கூட்டாளியை ஆப்ட் பொலிசி அடிச்சுப் பாக்கச் சொல்லு. அவனிட்டக் கிடக்கிறது எது, சேர்வர் தரப் பாக்கிறது எது எண்டு ரெண்டையும் பக்கத்தில காட்டும். பிறகு உன்ர மெசினில டிபிகேஜியிட்டையே கேள், கம்பேர் வேர்ஷன்ஸ் எண்டு ஒரு கட்டளை இருக்கு. ரெண்டு எண்ணையும் குடுத்து, நடுவில "எல்டி" எண்டு போட்டால் முதலாவது சின்னனோ எண்டு பாத்துச் சொல்லும். வாயால சொல்லாது. ஓமெண்டால் 0, இல்லையெண்டால் 1, வெளியேறுற குறியை மட்டும் விட்டிட்டுப் போகும். நீதான் எடுத்துப் பாக்க வேணும். இந்த ஒரு வரியைக் கட்டுற ஸ்கிரிப்டுக்குள்ள, பக்கேஜ் ஏத்துற இடத்துக்கு முன்னால வைச்சிருந்தால் உனக்கும் கேபிளுக்கும் பகை வந்திராது.

ஏற்கெனவே 1.0ஆர்சி1ஐ ஏத்தினவனை இறக்கிறதுக்கு மூண்டு வழி. ஒண்டு ஈபொக்: 1:1.0 எண்டு முன்னால ஒண்டும் முக்காற்புள்ளியும். எந்தப் பழைய எண்ணையும் அது அமத்தும். ஆனா போட்ட பிறகு எடுக்கவே ஏலாது, 9.0 வந்தாலும் 1:9.0தான், உன்ர பேரப்பிள்ளையும் அதைச் சுமக்கும். மற்றது டெபியன்காரரின்ர பகிடி: 2.0ஐத் தவறி ஏத்திப்போட்டுத் திரும்ப 1.9ஐக் குடுக்க வேணுமெண்டால் 2.0+ரியலி1.9 எண்டு எழுதுவினம். உள்ள உண்மையா 1.9 எண்டு பகிரங்கமா நெத்தியில எழுதி ஒட்டுறது. உனக்கு அது வேண்டாம், உன்ர நெத்தி சின்னன்.

மூண்டாவதுதான் உனக்குப் பொருத்தம். 1.0 எண்ட ஆசையை விடு. 1.0.1 எண்டு கட்டு. டிபிகேஜியின்ர கண்ணுக்குப் புள்ளி எழுத்தை விடப் பெரிசு, அதால 1.0.1 உன்ர 1.0ஆர்சி1ஐத் தாண்டும். ஆர்பிஎம்மிலயும் எண் எழுத்தைத் தாண்டும். ரெண்டு பக்கமும் சுகம், ஒருத்தரின்ர மெசினையும் தொடத் தேவையில்லை. பக்கேஜின்ர எண் சேஞ்லொக்கின்ர முதல் வரியில இருந்துதான் எடுபடும், அதால அதை முதல்ல திருத்து. 1.0 எங்க போச்சு எண்டு கேப்பினம். காரணத்தை அந்தச் சேஞ்லொக்கிலயே ஒரு வரியில எழுதி விடு. கிழவன் சொன்னவன் எண்டு மட்டும் எழுதிப்போடாதை. பேத்தி அதை வாசிக்கிறவள்.